புகா பள்ளத்தாக்கிலிருந்து புதுக்கோட்டை அடுப்படி வரை

புதுக்கோட்டை கீழ ராஜ வீதிப் பக்கம் மருந்துக் கடையில் போய் போரிக் பவுடர் கேட்டால், விவரமான கடைக்காரர் உடனே எடுத்து நீட்ட மாட்டார். "கேரமுக்கா, கரப்பானுக்கா?" என்பார். கேரமுக்கு என்றால் டப்பாவை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். கரப்பானுக்கு என்றால் இன்னொரு கேள்வி வரும்: "வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கா?" அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. தான் விற்கிற வெள்ளைத் தூள் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தத் தூள் அவர் கடைக்கு வந்து சேர்ந்த பாதை மிக நீளமானது. போரிக் பவுடருக்குள் இருக்கும் போரான் என்ற தனிமம் பிறந்ததே விசித்திரமான முறையில்தான். இரும்பும் கரியும் ஆக்சிஜனும் விண்மீன்களின் வயிற்றில் வெந்து உருவானவை. போரானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விண்மீனின் வெப்பத்தில் அது நிலைக்காது, சிதைந்துவிடும். வெளியில் அதிவேகமாகப் பாயும் காஸ்மிக் கதிர்கள் கரி, ஆக்சிஜன் அணுக்களில் மோதி உடைத்தபோது சிதறிய துண்டுகள்தாம் பெரும்பாலும் போரானாக ஆயின. அதனால்தான் பூமியிலும் அது அரிது. எரிமலை அடங்கிய நிலங்களில், வெந்நீர் ஊற்றுகள் பாய்ந்து வற்றிப்போன ஏரிகளில் மட்டும் அது திரண்டு கிடக்கும்.

அப்படி ஓர் இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது. லடாக்கில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள புகா பள்ளத்தாக்கு. தரை கொதித்துக் குமிழியிடும். ஊற்று ஓடிய வழியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்தப் பூப்புதான் வெங்காரம். திபெத்தின் உப்பு ஏரிக் கரைகளிலும் இதே சரக்கு கிடைத்தது. அதைச் சுரண்டி எடுத்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, ஆடுகளின் முதுகில் இருபுறமும் தொங்கவிட்டுக் கணவாய்களைத் தாண்டி இறக்கினார்கள். குதிரைகூட ஏற முடியாத பாதையில் செம்மறி ஆட்டு மந்தைகள் உப்பும் வெங்காரமும் சுமந்து வந்தன. வழியில் காற்றுப்பட்டு நொறுங்கிவிடாதிருக்கப் படிகங்களின்மேல் கொழுப்பைப் பூசினார்கள். ஆகவே சமவெளிச் சந்தைக்கு வந்த வெங்காரம் பளிச்சென்று வெள்ளையாக இராது. பிசுபிசுத்து, கொழுப்பு வாடை அடித்துக்கொண்டு வரும்.

தென்கோடியில் அதற்காகக் காத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பொற்கொல்லர். வெங்காரக் கட்டியைக் கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்து, அந்தக் குழம்பைத் தூரிகையால் பற்றுவைக்கும் இடத்தில் தடவி, ஊதுகுழலால் நெருப்பை அதன்மேல் செலுத்துவார். வெங்காரம் முதலில் பொங்கும், பிறகு உருகிக் கண்ணாடியாகி, பொன்னின்மேல் இருக்கும் அழுக்கை எல்லாம் கரைத்துக்கொள்ளும். பற்று சுத்தமாக ஓடி ஒட்டும். இன்றைக்கும் நகைப் பட்டறைகளில் இந்த வேலை நடக்கிறது. மற்றவர் சித்த வைத்தியர். வெங்காரத்தைச் சட்டியில் இட்டுப் பொரித்துச் சுத்தி செய்து மருந்துகளில் சேர்ப்பார். குழந்தையின் வாய்ப்புண்ணுக்குத் தேனில் குழைத்து நாக்கில் தடவுகிற வழக்கமும் உண்டு. இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வெங்காரமும் தேனும் கலந்த கலவையைத் தொட்டுத் தொட்டுச் சூப்பானை வாயில் வைத்ததால் ஏழு கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை 1983-ல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அதை நிறுத்தியதும் வலிப்பும் நின்றது. வீட்டில் பெரியவர்கள் அன்போடு செய்கிற காரியம்தான். ஆனாலும் கைக்குழந்தையின் நாக்கில் வெங்காரத்தை வைக்கக் கூடாது.

இமயத்திலிருந்து இறங்கிய சரக்கு தெற்கே மட்டும் வரவில்லை. வணிகர்கள் கைமாறி மேற்கேயும் போனது. நெடுங்காலம் ஐரோப்பாவுக்கு வேண்டிய வெங்காரத்தைக் கொழுப்பு நீக்கிச் சுத்தம் செய்யும் வித்தை வெனிஸ் நகரத்தாரிடமே இருந்தது. அதை அவர்கள் ரகசியமாகக் காத்தார்கள். பிற்பாடு அந்த வித்தை டச்சுக்காரர்களிடம் போயிற்று.

கிட்டத்தட்ட இதே வழியில்தான் கரப்பானும் போயிருக்கிறது. நம் அடுப்படியில் மிக்ஸிக்கு அடியிலும் குளிர்சாதனப் பெட்டியின் ரப்பருக்குள்ளும் குடியிருக்கும் சிறிய பழுப்புக் கரப்பானுக்கு உலகம் வைத்த பெயர் ஜெர்மன் கரப்பான். 1767-ல் இயற்கையியலர் லின்னேயஸ் ஜெர்மனியில் கிடைத்ததைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் அதற்கும் ஜெர்மனிக்கும் பூர்விக உறவு ஏதுமில்லை. 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைச் சேகரித்து அவற்றின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் வெளிவந்தது. இந்தியாவிலோ மியான்மரிலோ, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன், வயல்வெளியில் திரிந்த ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்து மனிதர் வீட்டோடு ஒட்டிக்கொண்டது என்பது அதன் முடிவு. சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியா. சுமார் 270 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல் வணிகம் ஓங்கியிருந்த காலத்தில், ஐரோப்பா. வங்கக் கடலோரத்துப் பூச்சியும் இமயத்து வெங்காரமும் கீழ்த்திசைச் சரக்கோடு சரக்காக மேற்கே போய், வேறு பெயரும் வேறு உருவும் பெற்று நம் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கின்றன.

வெங்காரம் போரிக் அமிலமாக மாறியது 1702-ல். வில்ஹெல்ம் ஹோம்பெர்க் என்ற வேதியியலர் அன்னபேதியோடு வெங்காரத்தைச் சேர்த்துச் சூடாக்கி, மின்னும் வெள்ளைச் செதில்களைப் பெற்றார். மனதை அமைதிப்படுத்தும் உப்பு என்று அதை நம்பினார்கள். 1777-ல் இத்தாலியின் டஸ்கனியில், நிலத்திலிருந்து ஆவி சீறும் குட்டைகளில் அதே அமிலம் இயற்கையாகவே கரைந்திருப்பதை ஹோஃபர் என்ற வேதியியலர் கண்டார். 1818-ல் பிரான்சுவா தெ லார்தெரல் அங்கே தொழில் தொடங்கினார். முதலில் விறகு எரித்துக் குட்டை நீரைக் காய்ச்சினார்கள். காடு அழிந்துகொண்டே வந்தது. 1827-ல் அவர் மண்ணிலிருந்து வரும் ஆவியைக் கொண்டே நீரைக் காய்ச்சும் ஏற்பாட்டைச் செய்தார். அந்த ஊருக்கு லார்தெரெல்லோ என்று அவர் பெயரே நிலைத்தது. பூமியின் ஆவியால் முதன்முதலாக மின்விளக்கு எரிந்ததும் அங்கேதான், 1904-ல். பிறகு கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் 1880-களில் இருபது விலங்குகள் பூட்டிய வண்டிகள் பாலைவனத்தைக் கடந்து வெங்காரம் சுமந்தன. டஸ்கனியும் திபெத்தும் அந்தப் போட்டியில் பின்தங்கின.

இன்றைய போரிக் பவுடரின் பெரிய தாய்வீடு துருக்கி. உலகத்தின் போரான் இருப்பில் 70 சதவீதத்துக்கு மேல் மேற்கு அனடோலியாவில் இருக்கிறது. மயோசீன் காலத்து ஏரிகள் வற்றி விட்டுப்போன படுகை அது. எமெத், பிகாதிச், கிர்கா என்று சுரங்க ஊர்கள். 1978-ல் துருக்கி அரசு அவற்றை நாட்டுடைமை ஆக்கியது. எமெத்தில் வெட்டியெடுக்கும் கோல்மனைட் கல்லை அரைத்துக் கந்தக அமிலத்தில் சூடாகக் கரைப்பார்கள். சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக அடியில் தங்கும். அதை வடிகட்டிவிட்டு மிச்ச நீரைக் குளிரவிட்டால் போரிக் அமிலம் செதில் செதிலாகப் படியும். கண்ணாடி, பீங்கான், உரம் என்று எத்தனையோ தொழில்களுக்கு அது வேண்டும். புகா இருந்தும் இந்தியா தனக்கு வேண்டிய போரானை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. பூச்சிமருந்துச் சட்டம் 1968-ன் அட்டவணையில் போரிக் அமிலம் இருப்பதால், கண்ணாடிக்கோ பீங்கானுக்கோ இறக்குமதி செய்கிறவர்கள்கூட மத்தியப் பூச்சிமருந்து வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். கேரம் பலகையில் தூவுகிற தூளைச் சட்டம் பூச்சிமருந்தாகவே பார்க்கிறது. அது சரியான பார்வை.

கேரமுக்கும் கரப்பானுக்கும் ஒரே தூள் எப்படிப் பொருந்துகிறது என்று யோசித்தால் இரண்டும் அதன் படிகத்தில்தான் வந்து நிற்கும். போரிக் அமிலத்தின் மூலக்கூறுகள் தட்டையான அடுக்குகளாக அமைந்தவை. அடுக்குக்கும் அடுக்குக்கும் பிடிப்பு குறைவு. அதனால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். காயும் அதோடு வழுக்கிப் போகும். மென்மையாக அரைத்த அதே தூள் கரப்பானின் காலிலும் வயிற்றிலும் உணர்கொம்பிலும் உள்ள மெழுகுப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு நடப்பதைக் கரப்பானே செய்கிறது.

இந்தத் தூளுக்கு முன்னும் பின்னும் நம் வீடுகளுக்கு வேறு ஆயுதங்கள் வந்தன. 1953-ல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் சுவரெல்லாம் டிடிடி அடித்தார்கள். அப்புறம் கமாக்சின் தூள். உரச் சாக்கைப் போல வீட்டு மூலையிலும் அது இருந்தது. அந்த வாடையை நினைவில் வைத்திருக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கமாக்சின் என்ற பிஎச்சி 1997-ல் தடை செய்யப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே கதிதான்: சில ஆண்டுகளில் கரப்பான் பழகிக்கொண்டது. 1950-களின் தொடக்கத்திலேயே டெக்சஸின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் குளோர்டேன் மருந்து ஜெர்மன் கரப்பானிடம் பலிக்காமல் போயிற்று. பிறகு வந்த தெளிப்பான்களுக்கும் சாக்பீஸ் கோடுகளுக்கும் அது தன் உடம்பை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

கலிஃபோர்னியாவில் பூச்சியியலர் வால்டர் எபலிங்கும் அவருடைய தோழர்களும் 1966-ல் வெளியிட்ட சோதனை ஒன்றை, கரப்பானோடு மல்லுக்கட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு பெட்டியை இரண்டாகத் தடுத்தார்கள். ஒரு பக்கம் இருட்டு, அதில் மருந்து. மறுபக்கம் வெளிச்சம், அதில் மருந்து இல்லை. நடுவில் ஒரு துளை. இருட்டு விரும்பும் கரப்பான் மருந்துப் பக்கம் போகத்தான் செய்யும். ஆனால் சுருக்கென்று வேலை செய்யும் மருந்துகளை வைத்தபோது, பட்டுக்கொண்டு தப்பிய கரப்பான்கள் இருட்டை விட்டு, தமக்குப் பிடிக்காத வெளிச்சத்திலேயே தங்கிவிட்டன. கடுமையான மருந்து தன் கடுமையாலேயே தோற்றது. போரிக் தூள் வைத்த பெட்டியில் அப்படி நடக்கவில்லை. அது முகத்தில் அடிக்கவில்லை, நாற்றமில்லை, சுடவில்லை. கரப்பான்கள் வழக்கம்போல இருட்டுக்குள் போய் வந்தன. நாள் கழித்துச் செத்தன. கடைசிக் கணக்கில் வேகமான மருந்துகளைவிட மெதுவான தூளே அதிகம் கொன்றிருந்தது.

செத்தது எப்படி என்றால், கரப்பான் ஒரு சுத்தக்காரப் பூச்சி. அழுக்கில் திரிந்தாலும் தன் உடம்பில் ஒரு துகள் ஒட்டினால் பொறுக்காது. உணர்கொம்பை முன்காலால் வளைத்து வாய்க்குள் கொண்டுவந்து, அடியிலிருந்து நுனி வரை இழுத்து நக்கும். பிறகு ஒவ்வொரு காலாக நக்கும். இரவில் ஒரு டார்ச்சை மறைத்துப் பிடித்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்தால் இதைப் பார்க்கலாம். அப்படி நக்கும்போது தூள் வயிற்றுக்குள் போகிறது. 1995-ல் டொனால்ட் காக்ரன் ஆராய்ந்தபோது, அந்தத் தூள் உணவுப்பாதையின் முன்பகுதியில் உள்ள செல்களின் உறையைச் சிதைப்பதைக் கண்டார். தின்றாலும் சத்து சேராமல் கரப்பான் பட்டினியில் சாகிறது. மூன்று நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகலாம். நாக்கின் ருசியை நம்பி இந்தத் தூள் இல்லை என்பது இன்னொரு பலம். இனிப்பு வைத்த இரைகளைத் தொடர்ந்து போட்ட இடங்களில், குளுக்கோஸே கசக்கிற கரப்பான் வகை தோன்றிவிட்டதை ஜூல்ஸ் சில்வர்மன் 1993-ல் எழுதினார். அந்தக் கரப்பானும் தன் காலை நக்காமல் இராது.

இனி அடுப்படி. திருமயம் பக்கத்துப் பழைய வீடொன்றில், கடப்பைக் கல் மேடையும் அதன்கீழ் மரக்கதவு போட்ட அலமாரியும் உள்ள சமையலறையில் ஒரு மாமியார் மருமகளுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். மருமகள் டப்பாவைக் கவிழ்த்துக் குவியலாகப் போட்டாள். "அம்புட்டையும் கொட்டாதே ஆத்தா. இம்புட்டூண்டு போதும்" என்று அவர் அதைக் கூட்டி அள்ளச் சொன்னார். மூக்குள்ள ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியில் கால்வாசித் தூளை நிரப்பி, அழுத்தி ஊதச் சொன்னார். கல்லும் சுவரும் சேரும் விரிசல், கதவின் கீல், சிலிண்டருக்குப் பின்சுவர், குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் இருக்கும் அடிப்பக்கம். நெற்றியில் காலையில் வைத்த திருநீறு மாலையில் தெரிகிற அளவுக்குத்தான் தூள் தெரிந்தது. அதற்கு மேல் போனால் கரப்பான் குவியலைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பது அவர் அனுபவம். விஞ்ஞானமும் அதையே சொல்கிறது: மெல்லிய படலத்தின்மேல் அது நடக்கும், குவியலின்மேல் ஏறாது.

இரையாக வைக்க வேண்டுமென்றால் கோதுமை மாவு, சர்க்கரை, போரிக் தூள் மூன்றையும் கொஞ்சம் பாலில் பிசைந்து சிறு உருண்டையாக்கி, ஸ்டவ்வுக்குப் பின்னும் அலமாரி மூலையிலும் வைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அது பலிக்கும். ஆனால் தவழ்கிற பிள்ளையும், எதையும் வாயில் போடும் நாய்க்குட்டியும் இருக்கிற வீட்டில் அந்த உருண்டை எனக்குச் சம்மதமில்லை. அது பார்க்கத் தின்பண்டம். அந்த வீட்டில் கைக்கெட்டாத விரிசலில் ஊதுகிற தூள் மட்டும் போதும். சமையல் மேடையின்மேல் ஒரு துளியும் வேண்டாம். தூளுக்கு வாடையில்லை, உப்பும் மாவும் போலவே இருக்கும். ஆகவே அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, பெயர் எழுதாத டப்பாவில் கொட்டி வைக்கவும் கூடாது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை மிகுந்த கவனத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஊதும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்வதும் பிறகு கையைக் கழுவுவதும் நல்லது. பிள்ளை வாயில் போட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தூளால் முடியாததும் உண்டு. ஜெர்மன் கரப்பான் பெட்டை தன் முட்டைக்கூட்டை, அதில் 30, 40 முட்டைகளோடு, குஞ்சு வெளிவரும் தறுவாய்வரை வயிற்றின் நுனியில் பிடித்துக்கொண்டே திரியும். கூட்டுக்குள் தூள் எட்டாது. வெளிவந்த குஞ்சுதான் படலத்தை மிதித்துச் சாக வேண்டும். அதனால் முதல் வாரம் கரப்பான் குறைந்ததைப் பார்த்துத் தூளைத் துடைத்துவிட்டவர் வீட்டில் அடுத்த மாதம் மறுபடி கூட்டம் வரும். இரண்டு மாதமாவது அது அங்கேயே உலர்ந்து இருக்க வேண்டும். நனைந்தால் கட்டியாகி எதற்கும் உதவாது. ஆகையால் தூளுக்கு முன்வேலை தண்ணீரை நிறுத்துவது: சிங்க்கின் அடியில் சொட்டும் குழாய், இரவில் ஊறப்போட்ட எச்சில் பாத்திரம், குடத்தின் அடியில் தேங்கும் ஈரம். கரப்பான் பசியைப் பல நாள் பொறுக்கும், தாகத்தைப் பொறுக்காது. கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியை உள்ளே அடுக்கி வைப்பதையும் விட வேண்டும். முட்டைக்கூடு சுமக்கும் பெட்டையும் குஞ்சும் அட்டையின் நெளிவுக்குள்தான் வீடு மாறுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கடை நிரம்பி மேலே ஏறி வருகிற பெரிய செங்கரப்பான் வேறு வகை. அதற்குக் குளியலறைக் குழியில் சல்லடை மூடி போடுவதுதான் முதல் மருந்து.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் போரான் விவசாயிக்கு வேண்டிய சத்தாகவும் இருக்கிறது. மணற்பாங்கான செம்மண்ணில் அது தங்காது. மழை அடித்துக்கொண்டு போய்விடும். போரான் குறைந்தால் கடலைப் பருப்பின் நடுவில் பள்ளம் விழும். தென்னங்குருத்தின் இலைகள் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் உரக்கடையில் வெங்காரம் வாங்கி மரத்தடியில் இடுவது அதற்காகத்தான். சத்துக்கும் நஞ்சுக்கும் இடையே அளவு மிகக் குறுகியது. கொஞ்சம் கூடினால் இலை நுனி கருகும். கூட்டி எடுத்த பழைய தூளைத் துளசி மாடத்திலோ தொட்டிச் செடியிலோ தட்டாமல், காகிதத்தில் மடித்துக் குப்பையில் சேர்ப்பதற்குக் காரணமும் இதுதான். அது மக்கி அழியும் பொருள் இல்லை.

தை பிறக்கும் முன் நம் ஊரில் வீடு முழுக்க ஒட்டடை அடித்துக் கழுவிவிடுவார்கள். ஊதிய தூள் அத்தனையும் அன்றைக்குத் தண்ணீரோடு போய்விடும். கழுவுவதற்கு முந்தின நாளே உலர்ந்த துணியால் பழைய தூளை எடுத்துவிட்டு, பொங்கல் முடிந்து கடப்பைக் கல்லின் அடிப்பக்கம் நன்றாகக் காய்ந்தபின் புதிதாக ஊத வேண்டும். போகி அன்றைக்கே ஊதினால் ஈரத்தில் அத்தனையும் கட்டிதட்டிவிடும்.